முறுக்குத் தின்ற இருவாச்சி

மஞ்சமலைக் காட்டில் ஒரு பெரிய வெடிப்பலா மரம். அதன் பொந்துக்குள் நாச்சி என்ற பெண் இருவாச்சி முட்டையிட உட்கார்ந்திருந்தாள். வெளியே கிளையில் அவள் புருஷன் கொண்டையன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பறந்து வந்த களைப்பு. வந்ததோ பக்கத்து மரத்திலிருந்து.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பொந்துக்குள் போய், மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடுவாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். உள்ளே போனதும் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைத்து, குஞ்சும் கொஞ்சம் தேறும்வரை வெளியே வர வழியில்லை. அதுவரை ஆண் கொண்டுவந்து ஊட்டுகிற பழம்தான் சாப்பாடு. தண்ணீர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பழத்தின் சாறுதான் தண்ணீர்.

இப்படி ஒருத்தனை நம்பிக் கதவைச் சாத்துகிறவள் சும்மா சாத்துவாளா? மஞ்சமலைப் பெண்கள் கறாரானவர்கள். காட்டை இரண்டாகப் பிளக்கிற ஊசிப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அக்கரைச் சரிவில், ஓர் அத்திக்காடு இருக்கிறது. அங்கே போய் ஒரு பழம் பறித்துக்கொண்டு வா, பிறகு சுவரை முடிக்கிறேன் என்பார்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டத் தெம்புள்ளவனை நம்பித்தான் உள்ளே இருக்கலாம்.

நாச்சியும் கேட்டாள். கொண்டையன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு எங்கே போனான் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் அவன் பறந்தால் காடே நிமிர்ந்து பார்க்கும். இருவாச்சியின் சிறகுச் சத்தம் கொஞ்சமா நஞ்சமா? பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிளம்பினால் இந்தப் பக்கத்து மான் காது நிமிர்த்தும். போன மழைக்காலத்தில்தான் எல்லாம் கெட்டது. மலைப்பாதையின் பெரிய வளைவில் சுற்றுலா வண்டிகள் நிற்கும். இறங்கியவர்கள் படம் எடுப்பார்கள், கையில் இருப்பதை வீசுவார்கள். அங்கே கோணவாயன் என்ற குரங்கு சட்டமாக உட்கார்ந்து வாழ்ந்துகொண்டிருந்தான். நனைந்துபோய் வந்த கொண்டையனுக்கு அவன்தான் முதல் முறுக்கை நீட்டினான்.

"சும்மா கடிச்சுப் பாரு மாப்ள. பழத்துக்கு நாயா அலையறது உனக்கே தெரியும்."

கடித்தான். அடுத்த நாளும் போனான். முறுக்கு, நேந்திரங்காய் சிப்ஸ், எண்ணெய் சொட்டுகிற பஜ்ஜி என்று பட்டியல் நீண்டது. வயிறு முன்னால் வந்தது. சிறகடித்தால் ஓட்டை விழுந்த துருத்தி மாதிரிச் சத்தம் வந்தது.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. தினமும் தனக்குள் ஒரு பேரம் நடத்துவான். இன்றைக்கு ஒரே ஒரு முறுக்கு, நாளையிலிருந்து அதுவும் இல்லை என்பான். முழுசாய்த் தின்றுவிட்டு, பாதிதான் கணக்கு, மீதி தானாக உடைந்து விழுந்தது என்பான். சந்தையில் எதிராளியோடு பேரம் பேசினால் ஒரு நாள் ஜெயிக்கலாம், ஒரு நாள் தோற்கலாம். தன்னோடு தானே பேரம் பேசுகிறவன் ஒரு நாளும் ஜெயித்தது கிடையாது. வாங்குகிறவனும் அவனே, விற்கிறவனும் அவனே. இரண்டு பக்கமும் வயிறுதான் உட்கார்ந்திருக்கும்.

இந்த லட்சணத்தில் அக்கரைப் பழத்துக்கு எங்கே போக? பள்ளத்தின் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தான். கீழிருந்து காற்று சுழன்று அடித்தது. வயிறு கனத்தது. அங்கேயே ஒரு மரத்தடியில், இரவு வௌவால் தூக்கிவந்து தவறவிட்ட அத்திப்பழம் ஒன்று கிடந்தது. அக்கரைப் பழம்தானே, பறித்தது யாராக இருந்தால் என்ன? அலகில் கவ்விக்கொண்டு, கொஞ்ச நேரம் பொழுதைப் போக்கிவிட்டு, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வந்து இறங்கினான்.

நாச்சி பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தின்றாள். மண்ணைக் குழைத்து, அலகு நுழைகிற கீறலை மட்டும் விட்டு மீதியைப் பூசி அடைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெடிப்பலாவுக்குப் பக்கத்திலேயே ஓர் அத்தி காய்த்துக் குலுங்கியது. கொண்டையன் அதிலிருந்து பறித்துப் பறித்துக் கீறல் வழியாக ஊட்டினான். தன் பங்குக்கு வளைவுக்கும் போய்வந்தான். முட்டை பொரிந்தது. உள்ளே ஒரு குஞ்சு கீச்சிட்டது. கொண்டையன் கிளையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

பிறகு பக்கத்து அத்தி ஓய்ந்தது. பங்குனி வெயில் பிளந்தது. இக்கரையில் ஒரு மரத்திலும் பழம் இல்லை. இனிமேல் அக்கரைதான்.

கொண்டையன் கிளம்பினான். விளிம்பைத் தாண்டியதும் மூச்சு இரைத்தது. திரும்பிவிட்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு அவசரத்துக்கு வேறு ஏதாவது கொடுப்போம் என்று நேரே வளைவுக்குப் போனான். முறுக்கையும் சிப்ஸையும் தொண்டையில் அடைத்துக்கொண்டு வந்து, கீறல் வழியாக நீட்டினான்.

நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் அடைத்த பொந்து. சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளே ஒரு தாய், ஒரு குஞ்சு. அவர்களுக்கு உப்பும் எண்ணெயும். விஷம் கொடுக்கிறவன்கூட இவ்வளவு அக்கறையாகச் சுமந்துகொண்டு வரமாட்டான்.

முதல் நாள் நாச்சி பசியில் விழுங்கினாள். இரண்டு நாள் போனது. அதற்கு அடுத்த நாள் அவன் நீட்டியதை வாங்கவில்லை.

"இது என்னங்க?"

"அத்திதான். வெயில்ல காஞ்ச அத்தி."

"அத்தி கரகரன்னு இருக்குமாங்க? உப்புக் கரிக்குமா?"

அகப்பட்டுக்கொண்டவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். உள்ளே சொகுசாக உட்கார்ந்து தின்கிறவளுக்கு வெளியே கிடக்கிற கஷ்டம் என்ன தெரியும் என்று கொண்டையன் மரம் அதிரக் கத்தினான். மேல்கிளையில் குடியிருந்த செவத்தாள் என்ற மலை அணில் கூட்டுக்கு வெளியே தலையை நீட்டினாள். அவன் கத்தி ஓயும்வரை நாச்சி காத்திருந்தாள்.

"உங்க றெக்கைச் சத்தம் எனக்குத் தெரியாதாங்க? இருட்டுக்குள்ள எனக்கு வேற என்ன வேலை? பள்ளத்துப் பக்கமிருந்து அது ஒருநாளும் வரல. எப்பவும் ரோட்டுப் பக்கமிருந்துதான் வருது."

கொண்டையன் அலகில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைக் கிளையில் தேய்த்துத் துடைத்தான்.

"சுவத்த அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு பழம் குடுத்தீங்களே, அதுல வௌவால் பல்லு பதிஞ்சிருந்துச்சு. பாத்துட்டுத்தான் தின்னேன்."

"தெரிஞ்சும் எதுக்கு அடச்ச?"

"கேட்டா உங்களுக்கு அசிங்கமாப் போயிருமேன்னு."

வெயில் சுள்ளென்று அடித்தது. கொண்டையனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனால் அந்தக் கீறலைப் பார்க்க முடியவில்லை. அடிவயிற்றை மறைக்கிறவன் போலச் சிறகை மடக்கிக்கொண்டான். சுவருக்குள் இருப்பவள் கண்ணுக்கு வயிறு தெரியாது என்பதுகூட அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

நாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "குஞ்சு கத்தறத நிறுத்திருச்சுங்க."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து உள்ளே சத்தமே இல்லை.

இனி பொறுக்க முடியாது, நாளை மறுநாளுக்குள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறேன் என்றாள் நாச்சி. அவளுக்குச் சிறகு இன்னும் பாதிகூட முளைக்கவில்லை. வெளியே வந்தால் பொத்தென்று தரையில் விழ வேண்டியதுதான். கொஞ்ச நாளாகவே மரநாய் ஒன்று அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் விழுந்தவளையும் விடாது, திறந்த பொந்தில் கிடக்கிற குஞ்சையும் விடாது.

கொண்டையன் பதறிப்போனான். மலைமேல் சத்தியம், மழைமேல் சத்தியம், நாளைக் காலையிலிருந்து வளைவுப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன், அக்கரைக்கு மூன்று நடை போய்வருவேன் என்று அடுக்கினான்.

"சத்தியத்தக் குடிக்க முடியாதுங்க," என்றாள் நாச்சி. அத்தோடு அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினான். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நேற்றுவரை தின்றதற்கெல்லாம் இன்றைக்கு ஒரே அடியாக ஈடு கட்டிவிடுகிற வேகம். மொத்தமாகப் பேசி, ஒரே வீச்சில் முடித்துவிடலாம் என்று நினைக்கிற ஆள்தான் சந்தையில் முதலில் ஏமாறுகிறவன். வெறும் வயிறு, ஒரு பருவம் முழுக்க ஆடாத சிறகு, எதிர்க்காற்று. பள்ளத்தின் நடுவில் போகும்போது இடது சிறகு இழுத்துப் பிடித்துக்கொண்டது. சுழன்று சுழன்று கீழே போய் ஒரு பாறைத் திட்டில் விழுந்தான்.

விளிம்பில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. செவத்தாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்ணா, பள்ளத்துக்குள்ள எதையாச்சும் தொலச்சுட்டீங்களா?"

கோணவாயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மேல ஏறி வா மாப்ள, பஜ்ஜி சூடா இருக்கு."

கொண்டையன் பாறையில் முகம் பதித்துக் கிடந்தான். அங்கேயே கிடந்து செத்தாலும் பரவாயில்லை, அந்தக் கூட்டத்தின் கண்முன்னே எழுந்திருக்கக் கூடாது என்று இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுப் படுத்துக்கிடக்கவும் ஒரு வசதி வேண்டும். உள்ளே ஒரு குஞ்சு வறண்டுகொண்டிருக்கிறது.

தலையைத் தூக்கினான். பாறை வெடிப்பில் ஒரு கல்லத்தி முளைத்திருந்தது. குட்டை மரம். அக்கரைக்குப் போகிற எந்த இருவாச்சியும் திரும்பிக்கூடப் பார்க்காத மரம். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த பழங்கள். ஒன்றைக் கடித்தான். சாறு தொண்டையில் இறங்கியது. தெம்புக்கு இன்னும் ஒன்று. மிச்சத்தைத் தொண்டைப் பையில் சேர்த்துக்கொண்டு, பறக்க முடியாமல் புதருக்குப் புதர், கிளைக்குக் கிளை தத்தித் தத்தி மேலே ஏறினான். வெடிப்பலாவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. விளிம்பிலிருந்த கூட்டம் அலுத்துப்போய்க் கலைந்துவிட்டது.

பழத்தைக் கீறலில் நீட்டினான். நாச்சி வாங்கினாள். உள்ளே ஏதோ நசுங்குகிற சத்தம், உறிஞ்சுகிற சத்தம். ரொம்ப நேரம் கழித்து, இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு கீச்சொலி கேட்டது.

கொண்டையன் கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"எங்க வரைக்குமுங்க போனீங்க?" என்று கேட்டாள் நாச்சி.

அக்கரைவரை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பழக்கதோஷம். விழுங்கினான்.

"பாறைத் திட்டு வரைக்கும். பறந்து போகல. விழுந்து போனேன்."

நாச்சி சிரிக்கவில்லை. சரி என்றாள். இந்தப் பழம் தீருகிறவரை சுவரை உடைக்கவில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. செய்ய முகம் இல்லை. பாறைத் திட்டுவரை போனான். இந்தத் தடவை விழாமல் இறங்கினான். பழம் பறித்தான், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினான். அதற்கடுத்த நாளும் அதேதான். சாயங்காலம் நாச்சி எங்கே வரைக்கும் என்று கேட்பாள். அவன் உள்ளதைச் சொல்வான். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் அந்தப் பதிலைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். நேற்றுப் போன இடத்துக்குத்தான் இன்றைக்கும் என்று சொல்வது பெருமையான விஷயமா? சொன்னான்.

பாறைத் திட்டுப் பழம் குறைந்தபோது அதற்குக் கீழே ஓடையோரம்வரை போனான். அங்கே வேறு பழம் இருந்தது. அதற்கு அப்புறம் மூங்கில் புதர் மேடு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிளம்பிவிடுவான். வளைவுக்குப் போகவே கூடாது என்றெல்லாம் தனக்குள் வீரம் பேசவில்லை. பேசினால் பேரம் தொடங்கிவிடும் என்று அவனுக்கு இப்போது தெரியும். முதலில் பள்ளம், மற்றதெல்லாம் பிறகு. பள்ளத்திலிருந்து திரும்பும்போது வயிற்றில் பழம் இருக்கும், உடம்பில் அசதி இருக்கும். வளைவுவரை போக யாருக்கு மனசு வரும்?

ஒரு நாள் மனசு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் முழுக்க மூடுபனி. கோணவாயன் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இந்த மழையில் எந்த மடையன் பள்ளத்தில் இறங்குவான், நேற்றுக் கொடுத்த பழம் இன்றைக்கு வராதா என்றான். கொண்டையன் போனான். ஒரு பஜ்ஜி என்று தொடங்கி, பொட்டலத்தையே முடித்தான். சாயங்காலம் வெறுந்தொண்டையோடு வெடிப்பலாவுக்கு வந்தான். கீறலுக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் ஒதுங்கி உட்கார்ந்தான்.

"எங்க வரைக்குமுங்க?"

உள்ளே குஞ்சு கீச்சிட்டது. பசிக் கீச்சு. அதன் குரலில் இப்போது வலு இருந்தது. அதனாலேயே அது அவனை இன்னும் அறைந்தது.

"ரோடு வரைக்கும்," என்றான்.

இதற்கு நாச்சி என்ன சொல்வாள், திட்டுவாளா, அழுவாளா, சுவரை உடைக்கக் கிளம்புவாளா என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

"நாளைக்கு மழ விட்டுருமுங்க," என்றாள்.

போன மழைக்காலத்துக் கொண்டையனாக இருந்தால், கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்று மறுநாளும் வளைவுக்குத்தான் போயிருப்பான். அவமானம் தாங்காதவன் அதை மறக்கத் தின்பான், தின்ற அவமானத்தை மறக்க மறுபடியும் தின்பான். கொண்டையன் அன்றிரவு தூங்காமல் அவமானத்தோடு உட்கார்ந்திருந்தான். அதை எங்கேயும் கொண்டுபோய்ப் போடவில்லை. விடிந்தது. மழை விடவில்லை. தூறலிலேயே நனைந்துகொண்டு மூங்கில் மேடுவரை போய்வந்தான்.

எந்த நாளில் அவன் அக்கரையைத் தொட்டான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மூங்கில் மேட்டில் பழம் பற்றவில்லை, கொஞ்சம் மேலே போனான், இன்னும் கொஞ்சம் மேலே போனான், பார்த்தால் அத்திக்காட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தான். திரும்பும்போது பள்ளத்தின் காற்று அவன் சிறகுக்கடியில் வந்து தாங்கியது. பொந்துக்குள்ளிருந்த நாச்சி, பள்ளத்துப் பக்கமிருந்து நெருங்கி வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவள் எங்கே வரைக்கும் என்று கேட்கவில்லை.

செவத்தாள் மேல்கிளையிலிருந்து, "மழ வருதாக்கும்னு நெனச்சேனுங்ணா, உங்க றெக்கைதானா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

நாள் வந்தது. நாச்சிக்குச் சிறகு முளைத்து முடிந்தது. உள்ளிருந்து சுவரைக் கொத்தத் தொடங்கினாள். கொண்டையன் எதிர்க்கிளையில் உட்கார்ந்தான். உடம்பு இறுகி, வயிறு உள்ளே போய், பழைய ஆளாக இருந்தான். அதை அவள் பார்க்கட்டும் என்று அவனுக்குள் ஓர் ஆசை இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

கட்டி கட்டியாக மண் உதிர்ந்தது. நாச்சி வெளிச்சத்துக்கு வந்தாள்.

கொண்டையனின் நிமிர்ந்த நெஞ்சு அப்படியே தொங்கிப்போனது. நாச்சிக்கு நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கழுத்து குச்சியாய் இருந்தது. புதுச் சிறகில்கூட மினுமினுப்பு இல்லை. கிளையைப் பிடித்த கால் நடுங்கியது. குஞ்சுக்கு முழுசாக ஊட்டிவிட்டு அவள் பட்டினி கிடந்த நாட்கள் எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. அவனும் இளைத்திருந்தான், அவளும் இளைத்திருந்தாள். அவன் இளைத்தது அவனுக்கு நல்லது. அவள் இளைத்தது அவனால்.

குஞ்சு, காட்டு வழக்கப்படி, உடைந்த சுவரை உள்ளிருந்தபடியே தன் சின்ன அலகால் மறுபடியும் பூசி அடைக்க ஆரம்பித்தது. இனி இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு ஊட்ட வேண்டும்.

நாச்சி அவனைத் தலை முதல் வால்வரை பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். இனிமேல் உயிருள்ளவரை, இந்த மலை சாட்சியாக என்று ஏதாவது ஒன்று வரும். அவளுக்குப் பழகிப்போன பாட்டு.

கொண்டையன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காலடிக் கிளையைப் பார்த்தான்.

"நீ இன்னைக்கு இங்கயே இரு. நான் போயிட்டு வந்தர்றேன்," என்றான். சிறகை விரித்தான். பள்ளத்துப் பக்கம் போனான்.

அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நாச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர் கட்டிய நாளிலிருந்து அவன் செய்த ஒரு சத்தியத்தையும் அவள் நம்பியதில்லை. எதுவும் சத்தியம் செய்யாமல் அவன் கிளம்பிப்போன இன்றைக்குத்தான் நம்பினாள்.

நாளையிலிருந்து என்று சூளுரைக்கிற வாயால் உடம்பு திருந்தாது. இன்றைக்கு முடிந்த மட்டும் செய்து, தவறினால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, மறுநாளும் கிளம்புகிறவனுக்கே அது திருந்தும்.